“ஆமைக்குத்தான் அழுறன்”: கிளிநொச்சியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கிணற்றில் கிடந்த ஆமை செத்துப்போனதற்கு ஒரு அம்மா கிழமைக்கணக்காகச் சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறார், ஒருக்கால் வந்து பாருங்கள் என்று ஒரு கிராமத் தொண்டர் எங்களுக்குச் சொன்னது 2019ஆம் ஆண்டு மாசி மாதத்தில். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு சிரித்ததற்காக அவரே வெட்கப்பட்டார். எங்கள் அலுவலகத்திலும் ஓரிருவர் சிரித்தார்கள். இந்த நிகழ்வை எழுத வேண்டும் என்று நினைத்ததற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம். மற்றவர்களின் துக்கத்தைக் கேட்பதையே தொழிலாக வைத்திருக்கிற இடத்திலேயே முதலில் வருவது சிரிப்பு என்றால் ஊரைக் குறை சொல்லி என்ன பயன்?

நான் வீடு வீடாகப் போகிறவள் இல்லை. போகிற உளவளத்துணையாளர்களோடு இருந்து அவர்கள் கொண்டுவரும் நிகழ்வுகளைக் கதைத்துப் பார்ப்பது என் வேலை. இந்த அம்மாவிடம் போனவர் ஓர் இளம் பணியாளர், இதே மாவட்டத்துப் பிள்ளை. இனி அவரைத் தங்கச்சி என்றே எழுதுகிறேன். அம்மாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர், வயது, குடும்பம் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆமையைப் பற்றி எதையும் மாற்றவில்லை.

ஆளும் ஆமையும்

இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஓடுகிற ஒரு கிராமம். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கணவர் யுத்தத்துக்கு முன்பே வருத்தம் வந்து இறந்தவர். கலியாணம் செய்த மகள் அதே வளவில் பக்கத்து வீட்டில் இருக்கிறார். மகன் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர்.

ஆமையைக் கொண்டுவந்தது மகன். சமாதான காலம் என்று எங்கள் சனம் சொல்லுகிற 2002க்குப் பிந்திய அந்த வருடங்களில், சிறுபோகம் முடிந்து வாய்க்காலுக்குத் தண்ணீரை மறித்த நேரம், சேற்றுக்குள் அகப்பட்டுக் கிடந்ததைப் பள்ளிக்கூடத்தால் வரும்போது தூக்கிக்கொண்டு வந்து கிணற்றுக்குள் விட்டிருக்கிறான். கிணற்றில் ஆமை கிடந்தால் புழு பூச்சியைத் தின்னும், தண்ணீர் துப்புரவாக இருக்கும் என்பது அவனுடைய நியாயம். பெயர் ‘கிழவன்’. வரும்போதே முகம் அப்படி இருந்ததாம். அது உண்மையில் கிழவனா கிழவியா என்று யாரும் புரட்டிப் பார்த்ததில்லை.

இலங்கையின் குளம் குட்டைகளில் இயல்பாக வாழும் நன்னீர் ஆமைகள் இரண்டு வகை. ஒன்று ஓடு கறுத்து இறுகிய ஆமை, மற்றது ஓட்டின் ஓரம் மெதுமையான பாலாமை. கிழவன் முதல் வகை. இலைதழையும் தின்னும், புழு, தவளை, செத்த மீனும் தின்னும். பல பத்தாண்டுகள் உயிர் வாழக்கூடியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து நடந்ததை நம்ப முடியாமல் சிலர் எங்களிடமே கேட்டார்கள்.

2008இன் கடைசியில் கிளிநொச்சியை விட்டு எல்லாரும் கிழக்குப் பக்கமாக இடம்பெயர்ந்தபோது இந்தக் குடும்பமும் கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனது. ஆடுகளை யாரிடமோ கொடுத்தார்கள். நாய் கொஞ்சத் தூரம் பின்னால் ஓடிவந்தது. கிணற்றுக்குள் கிடந்ததை யாரும் யோசிக்கவில்லை, யோசிக்கிற நேரமும் அது இல்லை. தர்மபுரம், விசுவமடு, தேவிபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று போய், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். அந்தப் பாதையை வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மகன் அந்தப் பாதையில்தான் இல்லாமல் போனான்.

2010இல் மீள்குடியேறி வந்தபோது வீடு இல்லை, சுவர் இருந்தது. வளவு முழுக்கப் பற்றை. கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்யாமல் பாவிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், அந்த நேரம் கிணறுகளுக்குள் என்ன கிடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அம்மா சும்மா எட்டிப் பார்த்திருக்கிறார்.

“கிணத்துக்க ஒரு தலை தெரிஞ்சுது பிள்ளை. எனக்கு முதல் பயம் வந்திட்டுது. பிறகு பாத்தா இவன். அந்த வளவில எங்களைத் தெரிஞ்ச ஒண்டு எண்டு அது மட்டும்தான் மிஞ்சி இருந்தது.”

அதன் பிறகு எட்டு வருடத்துக்கு மேல், நாளில் இரண்டு தரம் ஒரு சின்னப் பனையோலைப் பெட்டியைக் கயிற்றில் கட்டிச் சாப்பாடு இறக்கியிருக்கிறார். பூசணியின் உள்சதை, பொன்னாங்காணி, மீன் செதுக்கினால் அதன் கழிவு. வாளி தண்ணீரில் அடிபடும் சத்தத்துக்கு அது மேலே வரும். மகள் வாளி விட்டால் வராது என்று அம்மா சொல்கிறார், மகள் அதை மறுக்கிறார். உள்சுவரில் கல் பெயர்ந்த ஒரு பொந்து உண்டு, பொழுதுபட அதற்குள் ஏறிக் கிடக்குமாம்.

செத்தது எப்படி

2018 டிசம்பர் கடைசியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டங்களையும் வெள்ளம் மூடியது. இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். கிணற்றுக்குள் வெள்ளத் தண்ணீர் இறங்கிவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னபடி மோட்டர் வைத்து இறைத்து, குளோரின் போட்டார்கள். ஆமையை முதலில் வெளியே எடுங்கள் என்று அவர் சொன்னது சரியான ஆலோசனைதான், குளோரின் தண்ணீருக்குள் அதை விட்டிருக்க முடியாது. ஊர்வனவற்றின் உடலில் வயிற்றோட்டத்தைக் கொடுக்கிற கிருமிகள் இருக்கலாம் என்பதால் குடிதண்ணீர்க் கிணற்றில் ஆமை விடுவதே நல்லதல்ல என்றும் சொன்னார், அதுவும் சரி.

கிழவனைப் பேசினில் போட்டுக் குசினிக்குள் வைத்தார்கள். சாப்பிடவில்லை. ஆமை சில நாள் சாப்பிடாமல் இருப்பது பெரிய விஷயமில்லை, அதனால் அம்மா பொறுத்திருந்தார். கிணற்றுத் தண்ணீர் தெளிந்த பிறகு திரும்ப இறக்கினார். பிறகு ஒரு விடியற்காலை வாளி விட்டபோது மேலே வரவில்லை. பொந்துக்குள் கிடந்தது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆமை செத்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது கடினம். உடம்பு எப்போதும் குளிர்தான், மூச்சு தெரியாது, இதயத் துடிப்பு மிக மெதுவாக இருக்கும். நோய் வந்தாலும் ஊர்வன கடைசிவரை வெளியில் காட்டாது. அதனால் அம்மா அதை ஈரச்சாக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கால்நடை வைத்தியரிடம் ஏன் கொண்டுபோகவில்லை என்று தங்கச்சி பிறகு கேட்டபோது, “மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட வாற டொக்டரிட்ட ஆமையைக் கொண்டுபோனா என்ன நினைப்பார்?” என்றார். வீட்டில் ஊர்வன வைத்திருப்பதைக் கேள்வி கேட்பார்களோ என்ற பயமும் கொஞ்சம் இருந்தது. காட்டு உயிர்களைப் பிடித்து வளர்ப்பதற்கு 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே கட்டுப்பாடு உண்டு என்பதால் அந்தப் பயம் வீண்பயமும் இல்லை. மணம் வரத் தொடங்கிய பிறகுதான் எலுமிச்சைக்குக் கீழே புதைத்தார்.

ஊர் என்ன சொன்னது

ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் வந்து, “அக்கா, எட்டுச் செலவுக்கு எங்களுக்கும் சொல்லுவியளோ?” என்று, செத்தவீட்டின் எட்டாம் நாள் சடங்கைச் சொல்லிக் கேட்டாராம். இன்னொருவர், கறியாக்கியிருந்தால் ஒரு நேரச் சாப்பாடாவது ஆகியிருக்கும் என்றார். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பழமொழியை எடுத்து, இனியாவது வீட்டுக்கு விடிவு வரும் என்று ஆறுதல் சொன்னவரும் உண்டு, அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். உறவுக்காரப் பெடியன் ஒருவன் வாய்க்காலில் இன்னொரு ஆமையைப் பிடித்து உரப்பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டான். அம்மா அதைப் பார்த்துவிட்டு, “எடுத்த இடத்தில கொண்டே விடு” என்று மட்டும் சொன்னார். அவனுக்கு ஏன் என்று விளங்கவில்லை, முகம் கறுத்துப் போனான்.

ஆனால் எல்லாவற்றையும்விடக் கூர்மையானது மகள் சொன்னது. “தம்பிக்குக் கூட அம்மா இப்பிடி அழேல்லை.”

கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் ஒன்றைத் தெளிவாக எடுத்து வைத்தார். சில இழப்புகளுக்கு ஊர் துக்க உரிமை கொடுப்பதில்லை, உறவை அங்கீகரிக்காததால் துக்கத்தையும் அங்கீகரிப்பதில்லை, அப்படி உரிமை மறுக்கப்பட்ட துக்கம் தனியே கிடந்து இறுகும் என்று. வளர்ப்புப் பிராணிகளின் சாவு அதற்கு எல்லா நாட்டிலும் சொல்லப்படும் உதாரணம். நாய் பூனைக்கு ஓரளவு இடம் கிடைத்துவிட்டது. வாலாட்டாத, மடியில் ஏறாத, முகத்தில் ஒன்றையும் காட்டாத பிராணிகளுக்கு அதுவும் இல்லை. “அதுக்கு உன்னைத் தெரியுமோ?” என்பதுதான் முதல் கேள்வி. சாப்பாட்டோடு சேர்ந்த சத்தத்தையும் ஆளையும் ஆமைகள் பழகிக்கொள்ளும் என்பது தெரிந்த விஷயம், ஆனால் நான் அதை வைத்து வாதாட வரவில்லை. அந்த அம்மாவுக்கு ஆமையைத் தெரியும். அதுவே போதும்.

வன்னியில் இதற்கு மேல் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இங்கே துக்கத்துக்கு ஒரு வரிசை உண்டு, நிவாரண வரிசை மாதிரி. இரண்டு பிள்ளைகளை இழந்தவர் முன்னால் நிற்பார், ஒரு பிள்ளையை இழந்தவர் பின்னால், கால் போனவர் அதற்குப் பின்னால், வீடு மட்டும் போனவர் வாயே திறக்கக்கூடாது. யாரும் போட்ட சட்டம் இல்லை, ஆனால் எல்லாரும் தங்கள் இடத்தை அறிந்து நிற்கிறார்கள். இந்த அம்மா 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்துக்கு இடையிடையே போய் வருபவர். அவருடைய வேதனையை விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள் இந்த உலகத்தில் எங்காவது இருந்தால் அந்தப் போராட்டக் கொட்டகையில்தான் இருந்தார்கள். அங்கேயும் அவர் இதைச் சொல்லவில்லை. “அங்க எல்லாரும் பிள்ளையைத் தேடுறவை. அதுக்க நான் போய் ஆமையைப் பற்றி எப்பிடிக் கதைக்கிறது?”

தங்கச்சி செய்தது

முதல் சந்திப்பில் தங்கச்சி கேட்ட கேள்வி, “கிழவன் என்னம்மா விரும்பிச் சாப்பிடும்?” என்பது. ஆமை என்று சொல்லாமல் பெயரைச் சொன்னார், பெயரை வாசலில் நின்ற மகளிடம் முன்பே கேட்டு வைத்திருந்தார். அம்மா அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பகிடி பண்ண வந்த பிள்ளை இல்லை என்று தெரிந்த பிறகு, பூசணிக்காயில் தொடங்கிக் கதைக்கத் தொடங்கினார். இருவரும் கிணற்றுக்கட்டில் இருந்தார்கள். அந்தக் கதை எங்கெங்கோ போனது, பெட்டி அறுந்து விழுந்த கதை, பெட்டிக்குள் தவளை ஏறி வந்த கதை, மகன் ஒரு முறை கயிற்றில் இறங்கி அதன் ஓட்டில் வெள்ளைப் பெயின்றால் புள்ளி வைத்த கதை. தங்கச்சி இடையில் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஊரின் சிரிப்பு இல்லை என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

பயிற்சிப் பட்டறைகளில் பரிவு என்றால் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ‘உங்கள் வேதனை விளங்குகிறது’ என்று சொல்வது என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. விளங்கவில்லை என்றால் எதற்கு விளங்குகிறது என்று சொல்ல வேண்டும்? ஓர் ஆமையோடு இவ்வளவு காலம் வாழ்ந்தது எப்படி இருக்கும் என்று தங்கச்சிக்குத் தெரியாது. எனவே கேட்டார். விவரம் கேட்டார். துக்கப்படுகிறவருக்கு, செத்துப்போன உயிரைத் தெரிந்த ஆட்களில் இன்னும் ஒருவர் கூடுகிறார் என்பதைவிடப் பெரிய உதவி முதல் நாட்களில் வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கடமையான கேள்விகளையும் அவர் விடவில்லை. நித்திரை எப்படி, என்ன சாப்பிடுகிறீர்கள், பிறசர் குளிசை போடுகிறீர்களா என்று கேட்டதில் மாதக் கிளினிக்குக்குப் போகாமல் விட்டதும் குளிசை முடிந்ததும் தெரியவந்தது. சனத்தின் பகிடி காரணமாக வெளியே போவதையே குறைத்திருக்கிறார். வாழ்ந்து என்ன என்று நினைத்தீர்களா என்றும் சுற்றிவளைக்காமல் கேட்டார். “அப்பிடியெல்லாம் இல்லை. கோழியளுக்கு ஆர் சாப்பாடு போடுறது?” என்று பதில் வந்தது. பதில் ஆறுதலாக இருந்தாலும் அடுத்த சந்திப்பிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று நாங்கள் முடிவெடுத்தோம். ஆமைக்கு அழுகிறார் என்பதற்காக ஆபத்துக் குறைவு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு விளக்கம் செய்த கெடுதல்

இதுதான் இந்த ஆய்வின் முக்கியமான இடம். பிந்திய ஒரு சந்திப்புக்கு வெளி இடத்திலிருந்து வந்திருந்த மூத்த அலுவலர் ஒருவரும் கூடப் போனார். அனுபவம் உள்ளவர், கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாதவர். கதையைக் கேட்டுவிட்டு மிக மென்மையான குரலில், “அம்மா, நீங்கள் உண்மையில் அழுவது உங்கட மகனுக்காக. ஆமை அவரின்ர ஒரு அடையாளம்தான்” என்றார்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “இல்லைத் தம்பி. ஆமைக்குத்தான் அழுறன்.”

எழும்பிப் போய், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, குடித்துவிட்டுப் போங்கள் என்றார். மரியாதை குறையவில்லை. அதற்குப் பிறகு அன்று ஒரு கதையும் இல்லை. அடுத்த முறை தங்கச்சி தனியாகப் போனபோது அம்மா கோயிலுக்குப் போய்விட்டார் என்று மகள் சொன்னார், அம்மாவின் செருப்பு வாசலில் கிடந்தது.

அலுவலர் சொன்னது புத்தகப்படி தவறில்லை. மகன் விட்ட ஆமை, மகன் வைத்த பெயர், மகன் போன பிறகும் மிஞ்சியது. இரண்டு துக்கமும் கலந்துதான் கிடந்தது என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்லும் உரிமை அம்மாவுக்குத்தான் உண்டு, எங்களுக்கு இல்லை. காரணம் வெறும் மரியாதை மட்டுமல்ல.

இந்த வீட்டில் மகன் இறந்தவர் இல்லை, காணாமல் ஆக்கப்பட்டவர். போலின் பாஸ் என்ற ஆய்வாளர், வியட்நாம் யுத்தத்தில் காணாமல் போன படையினரின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்து, முடிவு தெரியாத இழப்பு என்பது சாவைப் போன்றதல்ல, அதற்குச் சாவுக்குரிய வழிமுறையைத் திணிக்கக்கூடாது என்று எழுதினார். இங்கே அதை யாரும் எழுதாமலே தாய்மார் நடைமுறையில் வைத்திருக்கிறார்கள். படத்துக்கு மாலை போடுவதில்லை. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கைச் செய்வதில்லை. இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, காணவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழ் 2016இலிருந்து சட்டத்தில் இருக்கிறது, அதைக்கூட எடுக்கத் தயங்குகிறவர்கள் பலர். இந்த அம்மாவும் மகனின் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்ததில்லை. இப்போது நாங்கள் போய், ஆமை மகனின் அடையாளம் என்று சொன்னால், எலுமிச்சைக்குக் கீழே புதைத்தது யாரை? ஆறுதல் என்று நினைத்துச் சொன்ன ஒரு வசனம் அவர் பத்து வருடமாகச் சொல்ல மறுத்த ஒன்றை அவருடைய வாயில் திணிக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஊரார், ‘ஆமைக்கா அழுகிறாய்’ என்று சிரித்தார்கள். அலுவலர், ‘நீ ஆமைக்கு அழவில்லை’ என்றார். ஒன்று பகிடி, மற்றது பரிவு, ஆனால் இரண்டிலும் ஆமைக்கு இடமில்லை. கேட்டவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் விழுந்திருக்கும்.

திரும்பக் கதவு திறந்தது

தங்கச்சி மகளிடம் ஒரு செய்தி சொல்லிவிட்டு வந்தார்: “புள்ளி வைச்ச கதை பாதியில நிண்டுட்டுது, மிச்சம் கேக்க வந்தனான் எண்டு அம்மாட்டச் சொல்லுங்கோ.” மன்னிப்புக் கேட்கவில்லை, அலுவலரை விளக்கவும் இல்லை. அடுத்த கிழமை அம்மா வாசலிலேயே நின்றார்.

அன்றுதான் காத்திருந்த கதையைச் சொன்னார். சாக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது, இராத்திரியில் எழும்பி ரோச் அடித்துப் பார்த்தது. பிறகு, “மணம் வந்த பிறகுதான் தாட்டனான். இதுக்கெண்டாலும் தெரிஞ்சுது” என்றார்.

தங்கச்சி “ஓம் அம்மா” என்றதோடு நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அம்மா மகனைப் பற்றி நெடுநேரம் கதைத்தார். அதை இங்கே எழுதவில்லை, எழுதச் சம்மதம் கேட்கவும் இல்லை.

பிராணியை இழந்தவர்களுக்கு நினைவுச் சடங்கு செய்யச் சொல்லுங்கள், விளக்கேற்றச் சொல்லுங்கள், படம் வைக்கச் சொல்லுங்கள் என்று வழிகாட்டிகளில் வழக்கமாக இருக்கும். தங்கச்சி அதைச் சொல்லவில்லை, “ஏதாவது செய்ய விருப்பமோ அம்மா?” என்று மட்டும் கேட்டார். நல்ல வேளை. அம்மாவே சொன்னார்: “விளக்கு வைக்கமாட்டன். ஆமைக்கு வைச்சா அவனுக்கு ஏன் வைக்கேல்லை எண்டு மனம் கேக்கும்.” பிறகு யோசித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். இந்தப் பிள்ளைகளைப் பற்றி அதுவரை எங்கள் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. அவர்கள்தான் கிழவனைத் தெரிந்த மற்ற ஆட்கள். “அம்மம்மா, கிழவன் எங்க?” என்று நேரே கேட்டவர்களும் அவர்கள்தான், செத்துப்போச்சு என்றதும் எப்படி, எப்போது, எங்கே தாட்டீர்கள், கண் திறந்திருந்ததா என்று ஒன்றுவிடாமல் கேட்டுத் தீர்த்தார்களாம். நாங்கள் பயிற்சி எடுத்துச் செய்கிறதை அவர்கள் சும்மா செய்திருக்கிறார்கள்.

இது நோயா என்று அலுவலகத்தில் ஒரு கேள்வி வந்தது. நீடித்த துக்கக் கோளாறு என்பதை 2022இலிருந்து நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு குறைந்தது 6 மாதத்துக்குப் பிறகும், அதே ஆண்டு வந்த அமெரிக்க உளமருத்துவக் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதத்துக்குப் பிறகும்தான் பேசுகின்றன, இரண்டும் நெருங்கிய மனிதரின் சாவைப் பற்றியே பேசுகின்றன. 2019இல் எங்கள் கையில் அவை இல்லை, இருந்திருந்தாலும் பதில் மாறியிருக்காது. சில கிழமைத் துக்கம் நோயில்லை. குளிசை விட்டதுதான் அவசரமான விஷயம், அதைக் கவனித்தோம். கிளினிக்குக்கு முதல் நாள் தங்கச்சி கூடப் போனார், பிறகு அம்மா தானே போகத் தொடங்கினார். சாப்பாடும் நித்திரையும் மெல்ல மெல்லத் திரும்பின. அழுகை நிற்கவில்லை, நிற்க வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

முதல் சந்திப்புப் படிவத்தில் நாங்கள் ஒரு கேள்வியைச் சேர்த்தோம்: வீட்டில் வளவில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, அவற்றை யார் பார்க்கிறார்கள். நேரத்தை வீணாக்குகிற கேள்வி என்று தொடக்கத்தில் முணுமுணுப்பு வந்தது. ஆனால் மனிதர்களைப் பற்றிக் கேட்டால் ‘ஒருத்தரும் இல்லை’ என்று இரண்டு சொல்லில் முடிக்கிறவர்கள் இந்தக் கேள்விக்கு நிறையக் கதைக்கிறார்கள். காலொடிந்த மயில், பேசத் தெரியாத கிளி, பால்போத்தலில் வளர்ந்த பன்றிக்குட்டி என்று வருகிறது.

மகளின் வேலை முடியவில்லை. ‘தம்பிக்குக் கூட இப்பிடி அழேல்லை’ என்றவர் அதை ஏளனமாகச் சொல்லவில்லை, அவருக்கும் தம்பிதானே போனான். தாய் அழாமல் இருந்த பத்து வருடமும் அவரும் அழாமல் இருந்திருக்கிறார், தான் முதலில் அழுதால் அம்மாவின் நம்பிக்கையை உடைத்துவிடுவேன் என்று. அவருக்குத் தனியாக நேரம் ஒதுக்கி வேறொரு பணியாளரை அனுப்பினோம், ஒரே ஆள் இரண்டு பக்கமும் கேட்பது சரிவராது. இப்போதைக்கு அவர் கதைப்பது பெரும்பாலும் புருசனின் வேலை, பிள்ளைகளின் ரியூசன் பற்றி. அந்தப் பணியாளரிடம் நான் சொல்லி வைத்திருப்பது, ரியூசனைப் பற்றிக் கதைத்தால் ரியூசனைப் பற்றியே கேட்கட்டும் என்று.